செவலை மாட்டுக்கு ஒரு ஓ.பி. சீட்டு

ஆஸ்பத்திரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும், இருபத்திரண்டு வருஷம் தலை பிடித்த காளிமுத்து சொல்லிக்கொள்வது.

தலை பிடிப்பது என்பது ஓர் உத்தியோகம். சோறு இறங்கவில்லை என்று வருகிறவரை மேஜையில் மல்லாக்கப் படுக்கவைத்து, டாக்டர் விளக்கு வைத்த குழாயைத் தொண்டைக்குள் இறக்குவார். அப்போது அந்தத் தலை ஆடாமல் அசையாமல் இரண்டு கைக்குள் வைத்திருக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். மூன்றாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தவனுக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்? குழாய் இறங்குவதற்கு முன் பயத்தில் நடுங்குகிறவர்களைச் சிரிக்கவைப்பதும் என் பொறுப்பு. அதற்குச் சம்பளம் கிடையாது, நானாக எடுத்துக்கொண்டது.

பாட்டிலில் மருந்து எவ்வளவு ஊற்றுவது, குழாயை எப்படிக் கழுவுவது என்பதெல்லாம் உங்களுக்கு சிஸ்டர் சொல்லித் தருவார். அந்த அறையில் காதில் விழுகிற பேச்சை வெளியே என்ன செய்வது என்பதைத்தான் நான் சொல்ல முடியும். ஏனென்றால் என்ன செய்யக்கூடாதோ அதை முழுசாகச் செய்து பார்த்தவன் நான்.

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரி, ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீடு. எங்கள் டாக்டர் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் ஜோக் சொன்னால், ஏதோ மருந்தின் பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டது போலப் பார்ப்பார். ஆனால் அவருக்கு ஓர் உறுத்தல் இருந்தது. பீடி கிடையாது, புகையிலை கிடையாது, சாராயம் கிடையாது, அப்படி ஆட்களுக்கும் உணவுக்குழாயில் புற்றுநோய் வருகிறதே, எதனால்?

ஒரு நாள் குழாய்க்குள் பார்த்துக்கொண்டே இருந்தவர் ரொம்ப நேரம் அசையவில்லை. என் கை மரத்துப்போனது. வெளியே வந்ததும் சொன்னார்:

"காளிமுத்து, உள்ள மரு மாதிரி இருக்கு."

"கைல வருமே, அந்த மருவா சார்?"

"அதே மாதிரி. மரு ஒரு வைரஸால வர்றது. ஏதோ குளிர் நாட்டுல மலையில மேயுற மாட்டுக்குத் தொண்டைக்குள்ள மரு வந்து, அது புத்துநோயா மாறுதுன்னு எழுதியிருக்காங்க. மனுஷனுக்கும் ஒரு மரு வைரஸ் காரணமா இருக்கலாம்."

தொண்டைக்குள்ளிருந்து எடுத்த சதைத் துணுக்கை பாட்டிலில் போட்டு, மதுரையில் பரிசோதிக்கிற பெரிய டாக்டர் ஒருவருக்கு என்னிடம் கொடுத்தனுப்பினார். கூடவே, "உங்க ஊர் மாட்டுக்கெல்லாம் மரு வருதான்னு சும்மா பார்த்துட்டு வா. எத்தனைக்கு இருக்குன்னு சொல்லு" என்றார்.

சும்மா பார்க்கச் சொன்னார். எனக்கு எதையும் சும்மா பார்க்கத் தெரியாது.

மறுநாள் விடியும்போதே ஆஸ்பத்திரி காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருத் தெருவாகப் போய் மாட்டு வாயைப் பிளக்க ஆரம்பித்தேன். மனுஷன் தலையைப் பிடித்துப் பழகிய கை. மாட்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஒன்று என் சட்டைப்பையைத் தின்றது. ஒன்று உதைத்த உதையில் நான் போய் விழுந்த இடத்தில் இன்னொரு மாடு நின்றுகொண்டிருந்ததால் அதையும் பார்த்து முடித்தேன். ஒருவர் என்னைத் தரகர் என்று நினைத்து, மாட்டின் குணநலன்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் வாயையும் மடியையும் மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்ததும், "போலே, பாக்கத் தெரியாத பய" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கோர்ட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. வக்கீல் குமாஸ்தாக்கள், சாட்சி சொல்ல வந்தவர்கள், சாட்சி சொல்ல மறந்தவர்கள் என்று எப்போதும் கூட்டம். அங்கே ஒரு குமாஸ்தா கேட்டார்.

"என்னலே காளிமுத்து, மாடு மாடா வாயைப் பொளந்துக்கிட்டு அலையுதியாம்?"

பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். வாழ்நாளில் என்னைப் பத்துப் பேர் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது.

"எங்க டாக்டரு கண்டுபிடிச்சிட்டாருய்யா. இந்தச் சோறு எறங்காத சீக்கு இருக்குல்லா, அது மாட்டு மருவுல இருக்குற வைரஸால வருது" என்றேன்.

டாக்டர் சொன்ன ‘இருக்கலாம்’ அந்த பெஞ்சிலேயே விழுந்துவிட்டது. நான் குனிந்து எடுக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் அது ஊர் முழுக்கப் போய்விட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மாடு என்றால் பால், பால் என்றால் பால்கோவா. டீக்கடைக்கு நாலு கடை தள்ளி இருந்த பால்கோவா கடை அண்ணாச்சி ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். பெரிய இரும்புச் சட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"தம்பி, வெளியூர்லருந்து வாரவுக கேக்காக. மரு இல்லாத மாட்டுப் பாலான்னு கேக்காக. நாளைக்குக் காலையில பாலு ஊத்துற அம்புட்டு மாட்டையும் வாசலுக்கு ஓட்டியாரச் சொல்லிட்டேன். நீரு பாத்துச் சொல்லும். நீரு சரின்னாத்தான் பாலு எடுப்பேன்."

நேற்றுவரை ‘ஏலே’. இன்றைக்கு ‘நீரு’. அந்த இடத்தில் எழுந்து, "அண்ணாச்சி, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் ஒரு கரண்டி சூடான பால்கோவாவை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாய் நிறைய இருந்தது.

மறுநாள் காலையில் கடை வாசலிலிருந்து தெருத் திருப்பம் வரை மாடுகள் வரிசையாக நின்றன. மதுரை பஸ் உள்ளே வர முடியாமல் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கிவந்து, "என்னய்யா, மாட்டுக்கும் ரேஷன் போட்டாச்சா?" என்று கேட்டார். நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு மாட்டின் வாயையும் திறந்து பார்த்தேன். என்ன தெரிந்தது? நாக்கு தெரிந்தது. டாக்டர் மாதிரியே கொஞ்ச நேரம் அசையாமல் நின்றுவிட்டு, "ம்ம்... போகலாம்" என்றேன். போனார்கள். சில பேர் கும்பிட்டார்கள்.

பதினோராவதோ பன்னிரண்டாவதோ, பேச்சியம்மாள் வந்தாள். மடவார் வளாகத்துக்காரி. புருஷன் இல்லை. இருப்பது ஒரே ஒரு செவலைப் பசு. அதன் பால்தான் வீட்டுக்கு அரிசி. வாயில் ஒன்றும் இல்லை. குனிந்து மடியைப் பார்த்தேன். காம்பைச் சுற்றி மிளகை அள்ளி ஒட்டவைத்த மாதிரி மரு.

"ஏலே காளிமுத்து, இது போன கார்த்திகையிலருந்து இருக்கு. அதுபாட்டுக்கு இருக்கு. மாடு நல்லாத்தான கறக்கு?" என்றாள் மெதுவாக.

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். இல்லை என்று சொன்னால் பொய். இருக்கு என்று சொன்னால்? யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. பஸ்கூட நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் பன்னிரண்டு மாட்டில் ஒன்றிலாவது ஏதாவது கண்டுபிடிக்காவிட்டால் என் மரியாதை என்ன ஆவது என்று ஒரு நினைப்பு வந்தது பாருங்கள், அதை இன்றைக்கும் என்னால் கழுவ முடியவில்லை.

"மரு இருக்கு" என்றேன்.

அண்ணாச்சி பாலை எடுக்கவில்லை. அக்கம்பக்கத்தில், எல்லா மாடும் தண்ணீர் குடிக்கிற தொட்டிக்கு இந்த மாடு வரக்கூடாது என்றார்கள். வெள்ளிக்கிழமைக்குள் மாட்டை விற்றுத் தள்ளிவிடு என்றார்கள். சோழபுரத்திலிருந்து ஒரு தரகர் கயிற்றோடு வந்து பார்த்துவிட்டும் போனார். அவர் வாங்குகிற மாடெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் லாரியில் போகும். திரும்பி வராது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகள் கூட்டம். டோக்கன் எழுதுகிற பெண் தலையைத் தூக்காமல் எழுதுகிறவள். அவள் குரல் உள்ளே எனக்குக் கேட்டது.

"பேரு?"

"செவலை."

"வயசு?"

"ஆறு."

"என்ன செய்யுது?"

"அது ஒண்ணும் செய்யல. ஊர்ல இருக்குறவுகதான் செய்யுதாக."

"சாப்பாடு இறங்குதா?"

"ஒரு கட்டு சோளநாத்து நிக்காம இறங்குதும்மா."

அப்போதுதான் அந்தப் பெண் நிமிர்ந்தாள். பேச்சியம்மாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மூன்று மணி நேரம் மாட்டை நடத்திக்கொண்டு வந்து, கேட்டில் கட்டிவிட்டு, வரிசையில் நின்றிருந்தாள். கையில் பதினேழாம் நம்பர் டோக்கன். பதினாறாம் நம்பர்க்காரர் வெளியே எட்டி மாட்டைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, எனக்கு அடுத்துத்தான" என்று சமாதானப்பட்டுக்கொண்டார்.

நான் வெளியே வந்ததும் பேச்சியம்மாள் குரல் உயர்ந்தது. "ஏலே, நீதான அந்தக் குழாயைப் போட்டுப் பாக்குற ஆளு? வா. எம் மாட்டுத் தொண்டைக்குள்ள வுடு. சீக்கு இருந்தா டாக்டரு சொல்லட்டும், நானே வித்துருதேன். இல்லன்னா நீ இன்னொருக்கா வாயைத் தொறக்கக் கூடாது."

டாக்டர் வெளியே வந்தார். மாட்டைப் பார்த்தார், டோக்கனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நடந்ததை முழுசாகக் கேட்டார்.

"நான் உங்கிட்ட என்ன சொன்னேன் காளிமுத்து?"

"மரு, வைரஸு, புத்துநோயி..."

"எந்த வைரஸ்? மாட்டோடதா, மனுஷனோடதா?"

"அது... நீங்க ரெண்டையும் சேத்துத்தான் சார் சொன்னீங்க."

"கடைசியா ஒரு வார்த்தை சொன்னேனே?"

"இருக்கலாம்னு சொன்னீங்க."

"அதை எங்க விட்ட?"

"டீக்கடையில சார்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. கேட்டுக்குப் போய், தன் வெள்ளைக் கோட்டோடு குனிந்து செவலையின் மடியைப் பார்த்தார். பிறகு பேச்சியம்மாளிடம் சொன்னார்: "அம்மா, மாட்டு மரு மாட்டுக்கு மாடு ஒட்டும், மனுஷனுக்குப் பால் வழியா வராது. அதுவும் மணிக்கணக்கா கொதிக்கிற பால்ல ஒரு வைரஸும் உயிரோட இருக்காது. நாங்க தேடுறது மனுஷனுக்குள்ள இருக்கிற வேற ஒண்ணு. அதுதான் காரணமான்னு இன்னும் யாருக்கும் தெரியாது."

"இதை எங்கிட்டச் சொல்லி என்னய்யா? கடை வாசல்ல வந்து சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை டாக்டர் ஸ்ரீவில்லிபுத்தூரில் நோயாளிகளைப் பார்க்கிற நாள். முடித்துவிட்டு நேரே பால்கோவா கடைக்கு வந்தார். கூட்டம் கூடிவிட்டது. தரகரும் கயிற்றோடு ஓரமாக நின்றார். பேச்சியம்மாள் செவலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அண்ணாச்சி கேட்டார்: "சார், இந்தப் பாலால சீக்கு வருமா, வராதா?"

"வரும்ங்கிறதுக்கு எந்த ஆதாரமும் இல்ல."

நீங்களும் நானும் கேட்டால் இது நல்ல பதில். ஊர் வேறு மாதிரிக் கேட்டது.

"அப்ப ஆதாரம் தேடிக்கிட்டு இருக்கீகளா?" என்றார் குமாஸ்தா.

டாக்டருக்குப் பொய் வராது. "மனுஷ வைரஸுக்குத் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம். மதுரைக்கு அனுப்பியிருக்கு" என்றார்.

"கேட்டீகளா? மதுரைக்கே அனுப்பியாச்சாம்!"

அவ்வளவுதான். பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்னால் போனார்கள். நான் ஒரு நாற்காலியில் ஏறி நின்று கத்தினேன்: "அய்யா, நான் சொன்னது பொய்யி! டாக்டரு அப்பிடிச் சொல்லவே இல்ல! நான் தற்குறி! மூணாம் வகுப்புக்கூடத் தாண்டல!"

குமாஸ்தா பரிதாபமாக என்னைப் பார்த்தார். "பாவம், பயல யாரோ மெரட்டியிருக்காங்கப்பா" என்றார்.

என் பொய்யை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் நம்பியவர்கள், உண்மையை நாற்காலியில் ஏறிச் சொல்லியும் நம்பவில்லை. தரகர் ஓரத்திலிருந்து வந்து செவலையின் கழுத்துக் கயிற்றில் கை வைத்தார்.

பேச்சியம்மாள் அவர் கையைத் தட்டிவிட்டாள். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"சரி. எம் மாட்டுப் பாலு வெசம். ஒத்துக்கிடுதேன். ஒரு வாரமா இந்த அண்ணாச்சி எடுக்கல. மாடு கறக்காம இருக்குமா? அம்புட்டுப் பாலும் எங்க போச்சுன்னு எவராச்சும் கேட்டீகளா?"

கூட்டத்தின் பின்னால் நின்ற டீக்கடை மாஸ்டர் மெல்ல நகரப் பார்த்தார்.

"நில்லுங்கய்யா மாஸ்டரு. சொல்லும்."

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "கொறச்ச வெலைக்குத் தந்தாளேன்னு... காலையும் சாயங்காலமும்... எங்கிட்டத்தான் ஊத்துனா."

ஒவ்வொருவர் கையாகத் தொண்டைக்குப் போனது. அந்த ஒரு வாரமும் செவலையின் சீக்கைப் பற்றி அந்த டீக்கடையில் உட்கார்ந்து, செவலையின் பாலில் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே பேசியிருக்கிறார்கள். குமாஸ்தா இருமினார். அண்ணாச்சிக்கு ஒரு நாளைக்கு மூன்று டீ. நான் ஓசியில் குடித்ததற்குக் கணக்கில்லை.

"ஏன்யா மாஸ்டரு, இப்பிடிப் பண்ணிட்டீரே!" என்று குமாஸ்தா கத்தினார்.

மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீருதானவே பாலு திக்கா இருக்கு, இன்னொரு டீ போடுன்னீரு? நாலு நாளா ரெண்டு ரெண்டாக் குடிச்சிட்டு இப்ப இருமுதீரே!"

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பியது. அண்ணாச்சி நெஞ்சைத் தடவிக்கொண்டு டாக்டரிடம் திரும்பினார். "சார், ஒரு வாரமாக் குடிச்சிட்டோமே. ஒண்ணும் ஆகலல்லா? அப்ப ஒண்ணும் இல்லல்லா?"

டாக்டர் வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். "புத்துநோய் ஒரு வாரத்துல தெரியாது, வருஷக்கணக்காகும்" என்பார். அது உண்மை. அந்த உண்மை அந்த இடத்தில் இறங்கினால் செவலை லாரி ஏறிவிடும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எனக்குத் தெரிந்த ஒரே தொழிலைச் செய்தேன். பின்னால் போய் இரண்டு கையாலும் டாக்டர் தலையைப் பிடித்தேன். ஆடாமல் அசையாமல் பிடித்து, அப்படியே கார் பக்கம் திருப்பி, "சார், கார்ல வச்சிச் சொல்லுங்க, வாங்க" என்று தள்ளிக்கொண்டு போனேன். அவர் வாழ்நாளில் எத்தனையோ தலைகளை என் கையில் கொடுத்திருக்கிறார். தன் தலையைக் கொடுத்தது அன்றைக்குத்தான்.

காரில் உட்கார்ந்ததும் என் வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். "நீ செஞ்சது தப்பு" என்றார்.

"ஆமா சார்."

"ஆனா அவங்க கேட்டது பாலை வாங்கலாமான்னு. வாங்கலாம்னு ஒரே வார்த்தையில சொல்லியிருக்கலாம். அது எனக்கு உறுதியாத் தெரியும். நான் புத்துநோய் எதனால வருதுன்னு பதில் சொல்லிட்டு இருந்தேன். அது எனக்கே தெரியாது."

அப்புறம் கதவைத் திறந்து இறங்கிப் போனார். கூட்டத்தின் நடுவில் நின்று, "இந்தப் பாலை வாங்கலாம். நான் வாங்கிக் குடிப்பேன்" என்றார். மேலே ஒரு சொல் பேசவில்லை. மாஸ்டர் ஓடிப்போய் ஒரு டீ கொண்டுவந்தார். டாக்டர் நின்றபடியே குடித்தார். தரகர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நடந்தார்.

அவர் தலையைப் பிடித்தது சரியா தப்பா என்று கேட்டால், எனக்கு இன்றைக்கும் தெரியாது. நீங்கள் பிடிக்காதீர்கள். உங்கள் டாக்டர் எங்கள் டாக்டராக இருக்கமாட்டார்.

அண்ணாச்சி அசடு வழியச் சிரித்துக்கொண்டு, "நாளையிலருந்து பாலைக் கொண்டா பேச்சி" என்றார்.

"நான் கொண்டார மாட்டேன். என்னைய வாசல்ல வச்சி அசிங்கப்படுத்துனீகள்லா? இவன் கொண்டாரட்டும். மடியில மரு போற வரைக்கும் தெனமும் இவந்தான் பால்கேனைத் தூக்கணும். செவலைப் பாலு, செவலைப் பாலுன்னு சொல்லிக்கிட்டே வரணும்" என்றாள்.

தூக்கினேன். விடியற்காலம் மடவார் வளாகத்திலிருந்து கடைவரை கேனைத் தூக்கிக்கொண்டு, கூவிக்கொண்டு நடந்து, அப்புறம் ராஜபாளையம் பஸ் பிடித்து, தலை பிடிக்கப் போவேன். கையில் பால் வாடை இருப்பதாக நோயாளிகள் சொன்னார்கள்.

இடையில் மதுரையிலிருந்து கடிதம் வந்தது. அனுப்பிய துணுக்குகளில் சிலதில் மரு வைரஸின் அடையாளம் மாதிரி தெரிகிறது, சிலதில் இல்லை, இதை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை என்று எழுதியிருந்ததாம். டாக்டர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, இன்னும் நிறைய அனுப்பவேண்டும் என்று உற்சாகமாகப் புதுப் பாட்டில்கள் வாங்கினார். டீக்கடையில், "என்னலே, கடுதாசில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார்கள். "தெரியலன்னு எழுதியிருக்கு" என்றேன். நான் அந்தக் கடையில் சொன்ன முதல் உண்மை. ஒருத்தர்கூட இன்னொரு கேள்வி கேட்கவில்லை. ஏதோ வாய்க்கால் வழக்கைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

ஐந்து மாதம் ஆனது. செவலைக்கு மரு தன்னாலேயே ஒவ்வொன்றாக உதிர்ந்தது. மாட்டுக்கு அப்படித்தான் போகும் என்று டாக்டர் சொன்னார். மடவார் வளாகத்து வைத்தியநாதர் கோயிலில் உப்பும் மிளகும் போட்டதால் போயிற்று என்று பேச்சியம்மாள் சொன்னாள். எனக்கு எதனால் போனால் என்ன? ஒரு நாள் விடியற்காலம் குனிந்து மடியை நாலு பக்கமும் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

"எக்கா, அம்புட்டும் உதிந்துட்டு. பாத்துக்க. நாளையிலருந்து நான் வரல."

பேச்சியம்மாள் கறந்து முடித்துக் கேனை மூடினாள். நிதானமாகக் குனிந்து ஒவ்வொரு காம்பாகத் தடவிப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து, கேனை என் கையில் கொடுத்தாள்.

"அவசரப்படாதலே. இன்னும் ஒரு மாசம் பாத்துட்டுச் சொல்லுதேன்."